லெவியின் பெட்டியில் கத்தி வைத்தது யார்?

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மனிதர் மேலான பொறாமைகூட இல்லை, ஓர் இயந்திரத்தின் மேல்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு சின்ன விமான நிலையத்தில் நான்கு குளிர்காலம் தட்டு அடுக்கினேன். பயணிகள் கோட்டையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிப் போடுவார்களே, அந்தச் சாம்பல் நிறத் தட்டுகள் வரிசையின் கடைசியில் காலியாக வந்து குவியும். அவற்றை அள்ளி மறுபடியும் வரிசையின் தலைமாட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கே பார்த்ததை வெளியே பேச மாட்டேன் என்று நான்கு பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலையில் சேர்த்தார்கள். தானியக் கிடங்குகள் நிற்கும் ஊர், ஃபின்லாந்து வம்சாவளியினர் நிறைந்த ஊர், இளஞ்சிவப்புப் பாகு தடவிய பன்னுக்குப் பேர்போன ஊர் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அங்கே சோதனைத் திரை முன்னால் உட்காரும் ரைலி கோர்ப்பெலா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். பைகளை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறதே, அது அவ்வப்போது கதை விடும். யாரோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கும் சீப்புக்கும் நடுவில், ஒரு துப்பாக்கிப் படத்தைச் செருகித் திரையில் காட்டும். பையில் துப்பாக்கி கிடையாது, திரையில் மட்டும் உண்டு. திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் விழித்திருக்கிறாரா, கண்ணைத் திறந்தபடி தூங்குகிறாரா என்று பார்க்கும் பரீட்சை அது. கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தினால், 'இது கற்பனைப் பொருள். சரியாகக் கண்டுபிடித்தீர்கள்' என்று எழுத்து வரும். அழுத்தாமல் விட்டால் பத்து நொடி பொறுத்து, 'இது கற்பனைப் பொருள். தவறவிட்டீர்கள்' என்று வரும்.

கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக நானும் கதை எழுதுகிறேன். யாருமே பொத்தானை அழுத்தியதில்லை. இந்த இயந்திரமோ நாள் முழுக்கக் கதை விடுகிறது; விட்ட பத்தாவது நொடியில் 'நான் சொன்னது பொய்' என்று தானே ஒப்புக்கொள்கிறது. அந்த யோக்கியதை எந்த எழுத்தாளனுக்கு இருக்கிறது? எனக்கு இல்லை.

2.

முதல் வரியை ஏழு தடவை எழுதினேன். மூன்றை மட்டும் காட்டுகிறேன்.

'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில்—' [வேண்டாம். கனடாவைப் பற்றி எழுத வரும் ஒவ்வொரு தமிழனும் பனியில்தான் கால் வைக்கிறான். பனி அதுபாட்டுக்கு விழட்டும்.]

'மனிதனை மனிதன் நம்பாமல் போனதன் வரலாற்றை எழுதப் புகுந்தால்—' [புகவே வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.]

'ரைலி கோர்ப்பெலாவின் கண்கள் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.'

இது நிற்கட்டும். ஏனென்றால் இது அவள் பெருமை, அவள் வாயாலேயே நான் கேட்டது.

ரைலிக்கு ஐம்பத்தாறு வயது. இடது முழங்கால் கெட்டுப்போனது. திரை முன்னால் உட்காரும் வேலைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும்; அது அவளிடம் இருந்தது. அது போய்விட்டால் நாள் முழுக்க நின்றபடி பயணிகளைத் தடவிச் சோதிக்கும் வேலைதான் மிச்சம், அந்த முழங்காலோடு அதில் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் பாக்கி. ஆகவே அந்த நாற்காலிதான் அவள் பிழைப்பு. அதோடு அவளுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது. "மனுஷங்க பேசறதைக் கேக்கறதைவிட அவங்க பையைப் பார்க்கறது நிம்மதி" என்பாள். யார் இரண்டு பல் துலக்கியோடு வந்து ஒன்றோடு திரும்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

3.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெர்னிஸ் பார்டி என்ற எழுபது வயதுக்காரி வரிசையில் வந்தாள். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்தவள். அந்தத் தீவுக்காரர்களுக்கு எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் கண்ணுதான், ராசாதான். அபராதச் சீட்டு எழுதும் போலீஸ்காரரும் அதற்கு விலக்கில்லை. அவள் கையில் ஒரு வெண்கலச் சாடி இருந்தது. சாடிக்குள் அவள் தம்பி லெவி சாம்பலாக இருந்தான்.

லெவி முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்த் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். கல்யாணம் கட்டவில்லை. ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டான். குடித்தால் மட்டும் ஊர் நினைப்பு வந்து, "என்னைக் கடல்ல கொட்டுங்க. இந்த ஏரியில கொட்டினா எழுந்து வந்து உதைப்பேன்" என்பானாம். அதனால் அக்கா அவனைக் கடலுக்குக் கொண்டுபோகிறாள்.

இதில் ஒரு விதி இருக்கிறது. இறந்தவரின் சாம்பல் வைத்த பாத்திரத்தை எந்தச் சோதனை அதிகாரியும் திறக்கக் கூடாது. மரியாதைக்காக வைத்த விதி, நல்ல விதி. ஆனால் திறக்காமலே உள்ளே இருப்பது திரையில் தெரிந்தாக வேண்டும். வெண்கலம் திரையில் வெறும் கறுப்புக் கட்டி. அன்று திரை முன்னால் இருந்தவள் ரைலி.

"உள்ள எதுவுமே தெரியலைங்க. இதை விமானத்துல விட முடியாது."

"தெரியலைன்னா தெறந்து பாரு கண்ணு. அவன் வெக்கப்பட மாட்டான்."

"திறக்கக் கூடாதுங்க."

"அக்கா நானே சொல்றேனே."

"நீங்க சொன்னாலும் கூடாது. அப்படித்தான் விதி."

பெர்னிஸ் சாடியை ஒரு தட்டுத் தட்டினாள். "அப்ப உள்ள தெரியாததால இவன் போகக் கூடாது. தெரியறதுக்கு நீ தெறக்கவும் கூடாது. உசிரோட இருந்தப்ப கிடங்கு மேனேஜர்கூட இவனை இப்படிச் சுத்தல்ல விட்டதில்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தட்டு அடுக்கிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். ரைலி சிரிக்கவில்லை. "மரப்பெட்டியில மாத்திக் கொண்டாங்க. ஆணி, திருகு, தகரம் எதுவும் இல்லாம" என்று மட்டும் சொன்னாள். பெர்னிஸ் தம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். விமானம் அவர்கள் இருவரும் இல்லாமல் கிளம்பியது.

இதுவரை நடந்தது நடந்தபடி. இனிமேல் வருவதற்கு நான் பொறுப்பு.

4.

புதன்கிழமை பெர்னிஸ் மறுபடியும் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாலையில் அறுத்து இழைத்துக் கொடுத்த பைன் மரப்பெட்டி கையில் இருந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை. மூலைகளில் மர முளை அடித்து, பசை வைத்து ஒட்டியிருந்தார். பெட்டியில் இன்னும் மரவாசனை போகவில்லை.

"நேத்து எங்களைத் திருப்பி அனுப்பின மகராசி இருக்காளா?"

"இருக்கேங்க" என்றாள் ரைலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கியா? நல்லது. இன்னிக்கும் அனுப்பினேன்னு வெச்சுக்கோ, இவனை உன் மடியில வெச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்."*

* பெர்னிஸின் இன்னொரு கையில் ஒரு டஜன் பன் இருந்தது. தடவ முடிகிற எதுவும் திரவம் என்று விதி. இளஞ்சிவப்புப் பாகு தடவ முடிகிறது. ஏற்கெனவே பன்னின் மேல் தடவியும் இருக்கிறது. தடவி முடித்தது திரவமா என்று எங்கள் சூப்பர்வைசர் ஓரஸ்ட் கோவல் ஒரு முறை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வர ஐந்து வாரம் ஆனது. பன் போகலாம் என்று வந்தது.

பெட்டி கன்வேயர் பெல்ட்டில் ஏறி எக்ஸ்ரே இயந்திரத்தின் சுரங்கத்துக்குள் நுழைந்தது. படம் திரைக்கு வந்தது. மரம் வெளிர் ஆரஞ்சாகத் தெரிந்தது. அதற்குள் சாம்பல், ஒரே சீரான மங்கல். நடுவில் நீலமாக ஒரு சின்ன வட்டம். எரியூட்டும் இடத்தில் ஆள் மாறிப் போகாமலிருக்க உடலோடு போடுகிற எண் தகடு அது. இத்தனை சுத்தமான படத்தை ரைலி அந்த வாரம் பார்க்கவில்லை. நேற்றே இப்படி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நேற்று அந்தக் கிழவியை அப்படி அனுப்பியது அவளை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அப்போது படத்தில் கத்தி வந்தது.

நீலமாக, நீளமாக, சாம்பலின் குறுக்கே படுத்துக் கிடந்தது. ஒரு மனிதனின் நெஞ்சில் வைத்ததுபோல எண் தகட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ரம்பம்போலப் பல் வைத்த கத்தி, மூன்றாம் பல் உடைந்தது.

ரைலிக்கு அந்தக் கத்தியைத் தெரியும். இயந்திரத்திடம் இருக்கும் படங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. வருஷக் கணக்கில் திரை முன்னால் இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் பழகிப்போய், பெயர்கூட வைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் பொக்கைவாயன். ஒரு கன்னியாஸ்திரீயின் பையில் இவனைப் பார்த்திருக்கிறாள், ஹாக்கிக் குழுவின் சாமான் மூட்டையில் பார்த்திருக்கிறாள், ஒரு கைக்குழந்தையின் துணிப்பையில்கூடப் பார்த்திருக்கிறாள். பார்த்த அடுத்த நொடியே அழுத்துவாள், திரை அவளைப் பாராட்டும், பை நகரும்.

இப்போதும் அழுத்தலாம். ஒரு விரல் அசைவுதான். சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்று வரும், கணக்கில் இன்னொரு மார்க் ஏறும்.

ரைலிக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து இருநூறு பை போயிருக்கும். அத்தனையிலும் இடம் கிடைக்காமல் இந்தப் பெட்டியா கிடைத்தது? இறந்து போனவன் நெஞ்சில் கத்தியைச் செருகி எனக்குப் பரீட்சை வைப்பாயா நீ?

அவள் கன்வேயரை நிறுத்தினாள். பெட்டி சுரங்கத்துக்குள்ளேயே நின்றது. கையைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நொடிக்குள் இயந்திரம் வாயைத் திறந்தாக வேண்டும். அது திறக்கட்டும், நான் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

5.

[இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்க வேண்டிய கேள்வி: கத்தி நிஜமாக இருந்துவிட்டால்? நிஜமாக இருந்தால் பத்து நொடி கழித்தும் எழுத்து வராது. பெட்டி அவள் பிடியில்தான் நிற்கிறது, சுரங்கத்தை விட்டு அது வெளியே வரப்போவதில்லை. அவள் முட்டாள் இல்லை. மூன்றாம் பல் உடைந்த இன்னொரு கத்தி உலகத்தில் இருக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.]

இரண்டு நொடி. மூன்று. பெர்னிஸ் மறுமுனையில் போய் நின்றுகொண்டு சுரங்கத்தின் ரப்பர் திரையைப் பார்த்தாள். எல்லாருடைய பையும் வந்துவிட்டது. தம்பி மட்டும் வரவில்லை.

"ஏன் கண்ணு நின்னுடுச்சு?"

ரைலி நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உள்ள அவன் நல்லா இருக்கானா?"

கேலியாக ஆரம்பித்த குரல்தான். முடியும்போது கேலி கழன்று போயிருந்தது. ஜனவரியிலிருந்து அவனைப் பற்றி அவள் யாரிடமும் இப்படிக் கேட்க முடிந்ததில்லை. இப்போது அவனை உள்ளே பார்க்கக்கூடிய ஒரே ஆள் ரைலிதான்.

ரைலி திரையைப் பார்த்தாள். கத்தி அங்கேதான் இருந்தது.

"நல்லா இருக்காருங்க" என்றாள். "தனியாத்தான் இருக்கார். கூட எதுவும் இல்ல."

ஏழு. எட்டு.

இங்கே நான் ஒரு வாக்குமூலம் தர வேண்டும். எட்டாம் நொடியில் எனக்கு ஆசை வந்தது. எழுத்தை வரவிடாமல் செய்தால் என்ன? ஒன்பது, பத்து, பதினொன்று என்று போய்க்கொண்டே இருந்தால்? வாசகர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். ஒரு பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன். 'பதினொன்று. பன்னிரண்டு. திரை ஊமையாகவே—' நன்றாகத்தான் இருந்தது. லெவி என்னும் தானியக் கிடங்குக்காரன் திடீரென்று கடத்தல்காரன் ஆனான், பெர்னிஸ் பொய்க்காரி ஆனாள். ஒரு திருப்பத்துக்காக இரண்டு பேரை விற்றேன். கிழித்துப் போட்டேன்.

பத்து.

'இது கற்பனைப் பொருள். தவறவிட்டீர்கள்.'

ரைலி மூச்சை விட்டாள். கத்தி மறைந்துவிட்ட படத்தை இன்னொரு தடவை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பிறகு கன்வேயரை ஓடவிட்டாள். பெர்னிஸ் பெட்டியை எடுத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலக் கோட்டுக் கையால் மேல்பலகையைத் துடைத்தாள்.

"பாத்தியாடா லெவி, பாஸ் பண்ணிட்ட. பள்ளிக்கூடத்துலகூட நீ இதைப் பண்ணினதில்ல." பிறகு ரைலியைப் பார்த்து, "வரேன் கண்ணு. நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

பெர்னிஸின் கதை இங்கே முடிந்தது. அவளுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

6.

பதினோரு வருஷத்தில் முதல் தவறு. சூப்பர்வைசர் ஓரஸ்டின் கணினியில் அது சிவப்பாகப் போய் விழுந்தது. ஓரஸ்ட் ரைலியைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மனிதர், நல்லவராக இருப்பதற்கு எப்போதும் ஒரு குறுக்கு வழி தேடிக்கொண்டே இருப்பார். வேலை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை மேஜையில் வைத்தார்.

"உக்காருங்க ரைலி. முழங்கால் எப்படி இருக்கு?"

"முழங்காலைப் பத்தி ஃபார்ம்ல கேட்டிருக்காங்களா?"

"கேமராவுல பார்த்தேன். பெல்ட்டை நிறுத்தினீங்க. கையைத் தூக்கி மடியில வெச்சீங்க."

"ஆமா. வெச்சேன்."

"அதை நான் பார்க்கலை. சரியா?"

"நீ பார்க்கலைன்னா உனக்கும் ஒரு ஃபார்ம் குடுக்கணுமே."

ஓரஸ்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். படிவம் சின்னதுதான். 'காட்டப்பட்ட பொருளைத் தவறவிட்ட காரணம். ஒன்றில் மட்டும் குறியிடவும்' என்று தலைப்பு, கீழே இரண்டு கட்டம்.

☐ பொருளைப் பார்க்கவில்லை.
☐ பார்த்தேன், கவனக்குறைவால் பொத்தானை அழுத்தவில்லை.

"முதல் கட்டத்துல ஒரு டிக் போடுங்க. ரெண்டு நாள் வகுப்பு, அவ்வளவுதான். டோனட் எல்லாம் குடுப்பாங்க. திங்கட்கிழமை நாற்காலி உங்களுக்கு. ரெண்டாவதுல போட்டா லைசென்ஸ் விசாரணைக்குப் போயிடும், அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

"நான் பார்த்தேன்டா."

"தெரியும்."

"நீ பார்க்கறதுக்கு முன்னாடி பார்த்தேன். அந்த மெஷின் வெக்கறதுக்கு முன்னாடியே பார்த்தேன்னு வெச்சுக்கோயேன். பார்க்கலைன்னு இந்தக் கண்ணைச் சொல்லச் சொல்றியா?"

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. பேனாதானே சொல்லப் போகுது."

"சரி, ரெண்டாவது. கவனக்குறைவு. பதினோரு வருஷத்துல இன்னிக்கு இருந்த கவனம் எனக்கு என்னிக்கும் இருந்ததில்ல. அதையும் எழுத முடியாது."

"ரைலி, இது ஒரு டிக். சத்தியப் பிரமாணம் இல்ல. நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு. இந்த ஊர்ல அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு வேற என்ன வேலை கிடைக்கும்? எனக்காகப் போடுங்க."

ரைலி பேனாவை எடுத்து முதல் கட்டத்தில்—

7.

அவள் போடவில்லை.

நான் போடவைக்கப் பார்த்தேன். கதைக்கு அதுதான் சௌகரியம். ஒரு நல்ல பெண் பிழைப்புக்காகப் பொய்யில் கையெழுத்திடுகிறாள், அந்த வலியோடு வீட்டுக்குப் போகிறாள், ஏரி உறைந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட முடிவுக்குப் பாராட்டுக் கடிதம் வரும். பேனா முனையைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன். அவள் கையை அசைக்கவில்லை. தலையை நிமிர்த்தி, ஓரஸ்டைத் தாண்டி, என்னைப் பார்த்தாள்.

"நீ இங்க தட்டு அடுக்கினவன்தானே?"

ஆமாம் என்றேன்.

"செவ்வாய்க்கிழமை அந்த அம்மா போனதைப் பார்த்துச் சிரிச்ச."

"எல்லாரும் சிரிச்சாங்க ரைலி."

"சரி விடு. அந்தப் பெட்டியில கத்தி வெச்சது யாரு?"

"மெஷின்."

"மெஷினுக்கு யாரு சொன்னது? காலையிலேர்ந்து இருநூறு பை போச்சு. உனக்குப் பையே கிடைக்கலையா?"

கதை என்றால் அப்படித்தான், ஏதாவது ஒன்று குறுக்கே விழுந்தால்தான் ஓடும், வாசகர்கள் சும்மா ஒரு பெட்டி சுரங்கத்துக்குள் போய் வருவதைப் படிக்க மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். உன்னைப் பெரியவளாகக் காட்டத்தானே செய்தேன் என்றும் சொன்னேன். அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கன்வேயரை நிறுத்திவிட்டாள்.

இந்தக் கதையின் ஆசிரியன் நான். அடுத்த வரி என் கையில் இருக்கிறது. 'ஆனால் ரைலி' என்று தொடங்கினேன், நகரவில்லை. 'நெடு நேரத்துக்குப் பிறகு அவள்' என்று தொடங்கினேன், அதுவும் நகரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெர்னிஸின் தம்பி உண்மையிலேயே இருந்தவன். வெண்கலச் சாடியில் ஒரு நாள் நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போனவன். அவன் நெஞ்சில் கிடந்த கத்தியின் பிடியில் இருந்தது என் கைரேகை. வேறு யாருடையதும் அதில் இல்லை.

பத்து நொடி ஆகியிருக்கும்.

இது கற்பனைப் பொருள். நான்தான் வைத்தேன்.

சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ரைலி தலையை ஒரு தடவை ஆட்டினாள். மன்னித்த ஆட்டல் இல்லை, குறித்துக்கொண்ட ஆட்டல்.

"எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். "முதல்லேர்ந்து எழுதிடறேன். பெட்டி போகும், வரும். உனக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல."

"இப்ப எடுத்து என்ன? நான் பார்த்தாச்சு. பார்த்ததைப் பார்க்கலைன்னு ஆக்கறதுக்கு அவனும் வரான், நீயும் வர. ரெண்டு பேரும் ஒரு ஓரமா நில்லுங்க."

8.

பேனாவை அவளே எடுத்தாள். படிவத்தில் இரண்டாம் கட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே நான்கு கோடு இழுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள். கோணலாக வந்தது. அதற்குள் குறியிட்டு, பக்கத்தில் எழுதினாள்:

'பார்த்தேன். இறந்தவர் மேல் வைத்ததால் அழுத்த மறுத்தேன். பெட்டி என் கட்டுப்பாட்டில் இருந்தது. இன்னொரு தடவை வைத்தாலும் அழுத்த மாட்டேன்.'

ஓரஸ்ட் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"கடைசி வரியாவது வேண்டாமே ரைலி."

"கடைசி வரிக்காகத்தான் மத்த மூணும்."

"இப்படி ஒரு கட்டம் ஃபார்ம்ல கிடையாது. கம்ப்யூட்டர் இதை எடுத்துக்காது."

"கம்ப்யூட்டர் எடுத்துக்கலைன்னா நீ எடுத்துக்கிட்டுப் போ. கால் இருக்கில்ல உனக்கு? எனக்குத்தான் முழங்கால் சரியில்ல."

கையெழுத்தைப் போட்டாள். மேஜையைப் பிடித்து எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி நடந்து வெளியே போனாள். ஓரஸ்ட் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை உள்ளே செருக ஒரு உறை எடுத்தார். உறையை மேஜையில் போட்டுவிட்டுப் படிவத்தை மறுபடி படித்தார்.

9.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: லைசென்ஸ் போகிறது. ரைலி ஒரு நாற்றங்காலில் செடி விற்கிறாள். மே மாதத்தில் பெர்னிஸிடமிருந்து கடல் படம் போட்ட ஒரு தபால் அட்டை வருகிறது. [இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

இரண்டு: ஓரஸ்ட் படிவத்தைக் கிழித்துவிட்டுத் தன் கையால் முதல் கட்டத்தில் குறியிட்டு அனுப்புகிறார். ரைலி திங்கட்கிழமை வந்து நாற்காலியைப் பார்த்து, காரணம் புரிந்து, உட்காராமல்— [இல்லை. அவள் எழுதியதைக் கிழிக்க ஓரஸ்டுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.]

மூன்று: மேலிடத்தில் ஒருவர் அதைப் படிக்கிறார். ஐந்து வாரம் யோசிக்கிறார், பன்னுக்கு யோசித்த மாதிரி. சாம்பல் பெட்டிகளில் இனி கற்பனைப் பொருள் வைக்க வேண்டாம் என்று உத்தரவு வருகிறது. [வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் நான் வரவைத்தால், அது நான் பெட்டியில் வைக்கும் இரண்டாவது பொய்.]

மூன்றையும் அடித்துவிட்டேன். ரைலி என் அனுமதி கேட்டு அந்தப் படிவத்தை எழுதவில்லை. திங்கட்கிழமை காலை என்ன ஆனது என்பதை என்னைக் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன், நான்கு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நான்காம் பகுதியில் பெட்டி உங்கள் கண் முன்னால்தான் போனது. கத்தி வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இது இவன் வைத்தது என்று மூன்றாம் பகுதிக் கடைசியில் நானே கோடி காட்டியும், அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத் தொடர்ந்து படித்தீர்கள். ஒருவரும் கன்வேயரை நிறுத்தவில்லை. ஆகவே விதிப்படி உங்களுக்கும் ஒரு படிவம்.

☐ பொருளைப் பார்க்கவில்லை.
☐ பார்த்தேன், கவனக்குறைவால் பொத்தானை அழுத்தவில்லை.

கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தை நான் போட்டுத் தர மாட்டேன். அவளும் தானேதான் போட்டுக்கொண்டாள்.